ஒரு தேதியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி? செப்டம்பர் 11ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

‘வரலாற்றில் இன்று’ என்னும் பகுதி தமிழ் வாசகருக்குப் புதியதன்று. பள்ளியின் காலைக் கூட்டத்தில் அதை ஒரு மாணவி வாசிக்கிறாள். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒருவர் அதைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்கிறார். நாளிதழின் உள்பக்க ஓரத்தில் அது நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என மூன்று தலைப்புகளில் அச்சாகிறது. அதைத் தொகுப்பவர்கள் பெரும்பாலும் முன்பு எவரோ தொகுத்ததைப் பார்த்தே எழுதுவதால், ஒருமுறை புகுந்த பிழை பல பத்தாண்டுகளுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வெற்றுத்தாளில் தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கக்கூடிய ஒரு பக்கத்தை உருவாக்குவது எப்படி என்பதை இவ்வழிகாட்டி ஒரே ஒரு தேதியைக்கொண்டு விளக்குகிறது. அத்தேதி செப்டம்பர் 11.

இந்நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உலகம் அதை 2001ஆம் ஆண்டின் தாக்குதலாலேயே அறிந்திருக்கிறது. தமிழர்களுக்கோ அது பாரதியாரின் நினைவு நாள். தேதிகளைத் தொகுக்கும்போது எதிர்ப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு நாளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

முதல் படி: யாருக்காக என்பதை முடிவு செய்தல்

பத்து வயது மாணவர்களுக்கு வாசிக்கப்படும் பக்கமும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் பார்க்கும் பக்கமும் ஒன்றாக இருக்க முடியாது. நிகழ்வுகளில் எட்டு, பிறப்புகளில் ஐந்து, இறப்புகளில் ஐந்து என்பது பொதுவாசகருக்குப் போதுமான அளவு என்பது என் கருத்து. எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டால், இடத்தை நிரப்புவதற்காகச் சரிபார்க்காத வரிகளைச் சேர்க்கும் நிர்ப்பந்தம் ஏற்படாது. மூன்று வரிகள் மட்டுமே உறுதியாகக் கிடைத்தால் மூன்றோடு நிறுத்திக்கொள்வதில் குறையொன்றும் இல்லை.

இரண்டாம் படி: திரட்டுதல்

வெளியிலிருந்து தொடங்காமல் அருகிலிருந்து தொடங்குவதே நல்லது. உலகப் பட்டியல்களிலிருந்து தொடங்குபவர் ஐரோப்பியப் போர்களையும் அமெரிக்கப் பதவியேற்புகளையும் எழுதி முடித்த பிறகே சொந்த மண்ணுக்கு இடம் தேடுகிறார். செப்டம்பர் 11ஐப் பொறுத்தவரை, 1921இல் பாரதியாரின் மறைவும், 1957இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் படுகொலை செய்யப்பட்டதும் முதலில் தாளில் ஏற வேண்டியவை. அடுத்து 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவையின் தொடக்க நாளில் விவேகானந்தர் ஆற்றிய உரை. அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை இளைஞர்கள் திரட்டிய பணமே அப்பயணத்துக்குப் பெருந்துணையாக இருந்தது என்பதால், இதுவும் நமக்கு வெளிநாட்டுச் செய்தி ஆகாது. பேரவை அம்மாதம் 27ஆம் தேதிவரை நடந்தது. அவர் பலமுறை பேசினார். நாம் குறிப்பிடுவது முதல் நாள் உரையை மட்டுமே என்பதை வரியிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

அதன்பின் 1906. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு கொண்டுவந்த ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் செப்டம்பர் 11 அன்று இந்தியர்கள் திரண்டனர். அச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுளைச் சாட்சியாக வைத்து உறுதிமொழி எடுத்தனர். இதைச் ‘சத்தியாகிரகம் பிறந்த நாள்’ என்று எழுதுவது வழக்கம். சத்தியாகிரகம் என்ற சொல் அன்று இல்லை. அது பின்னரே உருவாயிற்று. ஆகவே ‘பின்னாளில் சத்தியாகிரகம் எனப் பெயர்பெற்ற போராட்டத்துக்கு வித்திட்ட உறுதிமொழி’ என்று எழுதுவதே சரி. இச்சிறு திருத்தத்தால் வரியின் பெருமை குறைவதில்லை. பெயர் இல்லாமலே மனிதர்கள் அதைச் செய்யத் துணிந்தார்கள் என்ற செய்தியும் சேர்ந்துகொள்கிறது. அதே போராட்டத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் கதைக்கும் இந்த நாளிலிருந்து ஒரு வழி இருக்கிறது.

திரட்டும்போது கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. செய்தித்தாளின் முகப்பில் உள்ள தேதி அத்தாள் அச்சான தேதி. நிகழ்வு முந்தைய நாளிலோ, தந்தி தாமதமாகிய காலங்களில் பல நாள்களுக்கு முன்னரோ நடந்திருக்கும். பழைய நாளிதழிலிருந்து குறிப்பெடுப்பவர், செய்தியின் உள்ளே ‘நேற்று’, ‘சென்ற வியாழக்கிழமை’ என்று வரும் சொற்களைப் படித்து, அதிலிருந்தே தேதியைக் கணக்கிட வேண்டும். கிழமையையும் உடன் குறித்துக்கொண்டால், பின்னர் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிக்க உதவும்.

மூன்றாம் படி: எந்த நாட்காட்டியின் தேதி?

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே மிகுதி. கிரெகோரியன் நாட்காட்டி 1582இல் கத்தோலிக்க நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. பிற நாடுகள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் அதை ஏற்றன. பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 1582 முதல் 17ஆம் நூற்றாண்டு முடியும்வரை 10 நாள். 18ஆம் நூற்றாண்டில் 11. 19ஆம் நூற்றாண்டில் 12. 20ஆம் நூற்றாண்டு முதல் 13. ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சியை நவம்பர் 7இல் நினைவுகூர்வதற்குக் காரணம் இதுவே.

பிரிட்டன் 1752இல் மாறியது. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 என அறிவிக்கப்பட்டது. ஆகவே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் ஏடுகளில் 1752 செப்டம்பர் 11 என்றொரு நாளே கிடையாது. சென்னைக் கோட்டை அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது; புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டதால், கோட்டையில் இல்லாத செப்டம்பர் 11 புதுச்சேரியில் இருந்தது. ஒரே கடற்கரையின் இரு துறைமுகங்கள், 1752க்கு முன் நடந்த ஒரே போரை 11 நாள் வேறுபட்ட தேதிகளில் பதிவு செய்திருப்பதைக் கர்நாடகப் போர்களைப் படிப்பவர் காணலாம். ஆங்கில ஆவணத்தை ஒரு கையிலும் பிரெஞ்சு ஆவணத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு, இரண்டு போர்கள் நடந்தன என்று எழுதிவிடக் கூடாது.

இங்கே ஆனந்தரங்கப் பிள்ளையை நன்றியோடு நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அவர் 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி ஆகியவற்றையும் சேர்த்தே குறிக்கிறார். அதனால் அவருடைய தேதிகளை இரு வழிகளிலும் சோதித்துப் பார்க்க முடிகிறது. தொகுப்பாளர் ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

தமிழ் ஆண்டுப் பெயரிலிருந்து தேதியைக் காணும்போது, பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறந்துவிடக் கூடாது. பாரதியார் பிறந்தது சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27; அது 1882 டிசம்பர் 11. ஆனால் 1942இலும் 2002இலும் சித்திரபானு வந்திருக்கிறது. பெயரோடு, தொடர் எண்ணாகக் கணக்கிடப்படும் சக ஆண்டோ, கேரள வழக்கிலுள்ள கொல்லம் ஆண்டோ இருந்தால்தான் உறுதி பெற முடியும். சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் அவ்வாண்டு தொடங்கும் பொது ஆண்டு கிடைக்கும். கொல்லம் ஆண்டுக்குக் கூட்ட வேண்டியது 824. தை பிறப்பதற்குச் சற்று முன்னரே ஆங்கிலப் புத்தாண்டு வந்துவிடுவதால், மார்கழி நடுவுக்குப் பிந்தைய நாள்களுக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

1582க்கு முந்தைய நாள்களை ஜூலியன் தேதியிலேயே எழுதுவது உலக வழக்கம். ஸ்டிர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்துப் படை ஆங்கிலேயரை வென்றது 1297 செப்டம்பர் 11. சரியாக 700 ஆண்டுகளுக்குப் பின், 1997 செப்டம்பர் 11 அன்று, தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று ஸ்காட்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். பெயரளவில் ஒரே தேதியாயினும், முதல் தேதி ஜூலியன்; இன்றைய கணக்கில் அது செப்டம்பர் 18 ஆகும். ‘அதே தேதியில்’ என்று எழுதலாம்; ‘நாள் தவறாமல் 700 ஆண்டுகள்’ என்று எழுதக் கூடாது.

நான்காம் படி: நாள் எப்போது தொடங்குகிறது?

பாரதியார் மறைந்த தேதி பற்றிய குழப்பம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, நள்ளிரவைக் கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. நள்ளிரவில் நாள் மாறும் ஐரோப்பிய முறைப்படி அது செப்டம்பர் 12. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவிலும் அவ்வாறே உள்ளது. சூரிய உதயத்திலிருந்து மறு உதயம்வரை ஒரே நாளாகக் கொள்ளும் நம் மரபில் அந்த நேரம் முந்தைய நாளைச் சேர்ந்தது. குடும்பத்தாரும் அன்பர்களும் 11ஆம் தேதி இரவென்றே சொன்னார்கள், அதுவே நிலைத்தது. தமிழ்நாடு அரசு 2021இல் நினைவு நூற்றாண்டை ஒட்டி மகாகவி நாளாக அறிவித்ததும் செப்டம்பர் 11ஐத்தான்.

இரண்டில் ஒன்றைப் பிழை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது முறையன்று. இரண்டு தேதிகளும் அவற்றுக்குரிய முறையில் சரியானவை. வழக்கத்தில் உள்ள தேதியின் பக்கத்தில் பதிவை வைத்து, ‘நள்ளிரவு கடந்த பின்; பதிவேட்டின்படி செப்டம்பர் 12’ என்று அதே வரியில் சேர்த்துவிடுவதே வாசகருக்கு நேர்மை செய்வதாகும். இஸ்லாமிய நாட்காட்டியில் சூரியன் மறையும்போது புதிய நாள் தொடங்குவதால், ஹிஜ்ரி தேதி மட்டும் கிடைக்கும் பழைய நிகழ்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவை.

நேர மண்டலமும் இதனோடு சேர்ந்ததே. நிகழ்வு எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணின் தேதியையே எழுத வேண்டும். 2001இல் நியூயார்க்கில் முதல் விமானம் மோதிய காலை 8.46 மணி, இந்தியாவில் அன்று மாலை 6.16 மணி என்பதால் இரு நாடுகளிலும் தேதி ஒன்றாகவே அமைந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. நம் நாட்டில் ஜூலை 21 காலை. எந்த நாட்டு மண்ணும் அல்லாத அந்த இடத்துக்கு எந்தத் தேதியை எழுதினாலும், எந்த ஊரின் கணக்கு என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

ஐந்தாம் படி: பிறந்த தேதிகள்

பிறப்புகளை இறப்புகளைவிடக் கூடுதல் ஐயத்தோடு அணுக வேண்டும். ஒருவர் இறக்கும்போது அவர் புகழ்பெற்றவராக இருக்கிறார். பிறக்கும்போது அவரைக் குறித்துவைக்க அண்டை வீட்டாருக்குக்கூடக் காரணம் இருப்பதில்லை. நம் நாட்டில் பள்ளியில் சேர்ப்பதற்காக ஆசிரியரே தோராயமாக ஒரு தேதியை எழுதிய காலம் நெடுநாள் நீடித்தது. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும், சாதகக் குறிப்பில் வேறொன்றும் இருப்பவர்கள் இன்றும் நம் குடும்பங்களில் உண்டு. செப்டம்பர் 11இல் மறைந்த முகமது அலி ஜின்னாவே இதற்கு எடுத்துக்காட்டு. அவர் பிறந்த நாளாகப் பாகிஸ்தான் கொண்டாடுவது 1876 டிசம்பர் 25. கராச்சியில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டில் இருப்பது 1875 அக்டோபர் 20.

நட்சத்திரத்தை வைத்தோ திதியை வைத்தோ கொண்டாடப்படும் பிறந்தநாள், ஒவ்வோர் ஆண்டும் ஆங்கிலத் தேதியில் இடம்மாறும். ராமகிருஷ்ண மடங்களில் விவேகானந்தர் ஜயந்தி திதிப்படி வருகிறது. தேசிய இளைஞர் நாளோ ஜனவரி 12 என்று நிலையாக உள்ளது. ஏதேனும் ஓராண்டில் மடம் கொண்டாடிய தேதியைப் பார்த்து, அதையே பிறந்த தேதியாகக் குறித்துக்கொள்ளும் தவறு பலருக்கு நேர்கிறது.

செப்டம்பர் 11இல் பிறந்தவர்களில் முதலிடத்துக்கு உரியவர் வினோபா பாவே. மகாராஷ்டிரத்தின் ககோடே கிராமத்தில் 1895இல் பிறந்தார். பூமிதான இயக்கம் 1951 ஏப்ரலில் இன்றைய தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கியது என்பதையும் அதே வரியில் சொல்லலாம். ஆனால் இயக்கத்தின் முழுக்கதையை இங்கே எழுதிவிட்டால் ஏப்ரல் 18ஆம் தேதிப் பக்கத்துக்கு எதுவும் மிஞ்சாது.

ஆறாம் படி: இறப்பை எழுதும் சொற்கள்

ஒருவர் எப்படி இறந்தார் என்பதை ஒற்றைச் சொல்லில் சொல்ல நேரும் இடம் இது. அச்சொல்லைத் தேர்வதில் மிகுந்த கவனம் வேண்டும். 1973இல் சிலி நாட்டின் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய அன்று, அதிபர் சால்வடோர் அயெந்தே மாளிகையிலேயே உயிரிழந்தார். அவர் கொல்லப்பட்டார் என்று பல்லாண்டுகள் எழுதப்பட்டது. 2011இல் உடலைத் தோண்டியெடுத்து நடத்திய ஆய்வு, அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார் என்று உறுதிசெய்தது. பழைய பட்டியல்களைப் படியெடுப்பவர்கள் இன்னும் ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்றே எழுதுகிறார்கள்.

பாரதியாரை யானை மிதித்துக் கொன்றது என்ற நம்பிக்கையும் இத்தகையதே. பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அது மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. அதன்பின் அவர் தேறி, சுதேசமித்திரன் பணிக்குத் திரும்பினார். ஈரோடு கருங்கல்பாளையத்துக்குச் சென்று ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற தலைப்பில் பேசவும் செய்தார். உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு நோய். யானைக் கதையில் உள்ள ஈர்ப்பு நோயில் இல்லை என்பதாலேயே அது நிலைத்துவிட்டது. அதனாலேயே தொகுப்பாளர் அதைத் திருத்தக் கடமைப்பட்டிருக்கிறார்.

இறந்தபோது வயது எத்தனை என்பதிலும் கவனம் தேவை. பாரதியார் 38 வயது நிறைந்து 39ஆம் வயதில் இருந்தார். ‘39 வயதில்’ என்று எழுதினால் ஓராண்டு கூடிவிடும். ‘39ஆம் வயதில்’ என்றால் சரியாகும்.

இம்மானுவேல் சேகரனைப் பற்றி எழுதுகையில், ‘மறைந்தார்’ என்ற மென்மையான சொல்லுக்கு இடமில்லை. சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற 32 வயது இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். ‘படுகொலை செய்யப்பட்டார்’ என்று எழுதுவதே உண்மைக்குப் பொருந்தும். மரியாதைக்காக உண்மையை மழுப்புவதும், வேகத்துக்காக அதை மிகைப்படுத்துவதும் சமமான தவறுகள்.

ஏழாம் படி: தேர்ந்தெடுத்தல்

ஏறத்தாழ மூவாயிரம் உயிர்களைக் கொண்டுபோன 2001ஆம் ஆண்டின் நிகழ்வு, இந்தத் தேதியின் மற்ற எல்லாவற்றையும் மறைத்து நிற்கிறது. அதை விட முடியாது, விடவும் கூடாது. ஆயினும் அதே செப்டம்பர் 11இல், 2012ஆம் ஆண்டு, கராச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று எரிந்து 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். திறக்க வழியில்லாத கதவுகளுக்கும் கம்பியிட்ட சன்னல்களுக்கும் பின்னே அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இது எந்தப் பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. திருப்பூரிலும் கொழும்பிலும் ஆடைத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் படிக்கும் மொழியில் தொகுக்கும் நாம், அதற்கு ஒரு வரி ஒதுக்கியே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தற்செயல் ஒற்றுமைகளையும் அளவோடு கையாள வேண்டும். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டடத்துக்கு முதல் மண் வெட்டப்பட்டது 1941 செப்டம்பர் 11. அது தாக்கப்பட்டது சரியாக 60 ஆண்டுகளுக்குப் பின். இதைக் குறிப்பிடலாம், இதற்குள் மறைபொருள் தேடக் கூடாது. இதைவிட எனக்கு நெருக்கமான ஒற்றுமை வேறொன்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியை எதிர்த்து நின்ற ஜான் ஸ்மட்ஸ், 1906இன் உறுதிமொழி நாளான அதே செப்டம்பர் 11இல், 1950ஆம் ஆண்டு காலமானார். காந்தி சிறையில் தம் கையால் தைத்துக் கொடுத்த செருப்புகளை அவர் பல ஆண்டுகள் பயன்படுத்திவந்தார். இரு வரிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால், வாசகரே அவற்றை இணைத்துக்கொள்வார்.

எட்டாம் படி: வரி அமைத்தல்

ஆண்டு முதலில், பின்னர் யார் அல்லது எங்கே, பின்னர் என்ன என்பதே தெளிவான வரிசை. இறந்தகால வினைமுற்றில் முடியும் முழு வாக்கியமாக எழுத வேண்டும். மாதிரிக்கு மூன்று:

1906: டிரான்ஸ்வால் ஆசியர் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள் உறுதிமொழி ஏற்றனர், சத்தியாகிரகம் எனப் பின்னர் பெயர்பெற்ற போராட்டம் இதிலிருந்து வளர்ந்தது.

1911: இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் சதம் அடித்த லாலா அமர்நாத் கபூர்தலாவில் பிறந்தார்.

1921: கவிஞர் சுப்பிரமணிய பாரதியார் சென்னை திருவல்லிக்கேணியில் 39ஆம் வயதில் காலமானார் (நள்ளிரவு கடந்த பின், பதிவேட்டின்படி செப்டம்பர் 12).

‘புகழ்பெற்ற’, ‘மாபெரும்’ போன்ற அடைமொழிகளை எல்லாருக்கும் வழங்கினால் ஒருவருக்கும் வழங்காததாகிவிடும். அவர் செய்த ஒரு செயலைச் சொல்வது போதும்.

ஒன்பதாம் படி: ஆண்டுதோறும் பேணுதல்

‘இன்றோடு 100 ஆண்டுகள்’ போன்ற தொடர்களைப் பக்கத்தில் நிலையாக எழுதிவைத்தால், மறு ஆண்டே அது பொய்யாகிவிடும். ஆண்டை மட்டும் எழுதி, கணக்கை வாசிக்கும் நாளில் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால், அதை எங்கிருந்து எடுத்தோம், எந்த நாட்காட்டி, கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்பதைத் தனி ஏட்டில் குறித்துவைக்க வேண்டும். வாசகருக்கு அது தேவையில்லை. அடுத்து இப்பணியை ஏற்பவருக்குத் தேவைப்படும்.

366 பக்கங்களையும் முடிக்க எண்ணுபவர் பிப்ரவரி 29க்கு என்ன செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். லீப் ஆண்டு அல்லாத ஆண்டுகளில் அந்தப் பக்கத்தைப் பிப்ரவரி 28இன் அடியில் தனித் தலைப்பிட்டுச் சேர்ப்பதே என் பரிந்துரை; மார்ச் 1க்குத் தள்ளினால் மாதமே மாறிப்போகும். 1900 லீப் ஆண்டு அல்ல என்பதால், 1896 பிப்ரவரி 29இல் பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு அந்தத் தேதி முதன்முறையாகத் திரும்ப வந்தது எட்டு ஆண்டுகள் கழித்து, 1904இல். அந்த 1904 பிப்ரவரி 29 அன்றுதான் மதுரையில் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார்.